நீர்மட்டம் சொன்னால் சீனி

என் மனைவி அணை நீர்மட்டம் சொன்னால்தான் எங்கள் அடுப்பில் பாலுக்குச் சீனி விழும். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. எங்கள் தொழில் நடக்கிற விதம் அது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிறவன். நாலு அடுப்பு, நாலு இரும்புச் சட்டி, என்னையும் சேர்த்து ஐந்து ஆட்கள். என் மனைவி ராஜபாளையத்தில் ஒரு சின்ன எஃப்.எம். நிலையத்தில் காலை நிகழ்ச்சி நடத்துகிறவள். மாடியில் இரண்டு அறை, மேலே ஒரு கம்பம், அவ்வளவுதான் நிலையம். அதன் அலை தெற்கே தேவதானம் வரைக்கும் தட்டுத்தடுமாறிப் போகும். வடக்கே எங்கள் ஊரோடு மூச்சு வாங்கி நின்றுவிடும். எங்கள் அடுப்புக் கொட்டகையின் தகரக் கூரையில் ஒரு செம்புக் கம்பியை இழுத்துக் கட்டிய பிறகுதான் அவள் குரல் எங்களுக்கு இரைச்சலில்லாமல் வந்து சேர்ந்தது.

விடிகிற நேரத்தில் அவள் பஸ் ஏறுவாள். நான் அடுப்பு வேலைக்குப் போவேன். அவள் மைக் முன்னால் போய் உட்காரும்போது இங்கே பால் கொதி வந்திருக்கும். அவள் வணக்கம் சொன்னால் விறகைக் கூட்ட வேண்டும். முதல் பாட்டு முடிந்து ஊர்ச் சேதி வாசிக்கத் தொடங்கினால் சட்டியின் ஓரத்தைச் சுரண்டிவிட வேண்டும். பிறகு வாழ்த்துகள், இன்னொரு பாட்டு, கொஞ்சம் பேச்சு. எல்லாம் முடிந்து, "பிளவக்கல் அணையின் இன்றைய நீர்மட்டம்" என்று அவள் ஆரம்பித்தால் சீனி. அதற்கென்றே ஒருவர் இருக்கிறார். என் அப்பா காலத்திலிருந்து எங்களோடு இருப்பவர். சீனி அண்ணாச்சி என்றுதான் தெருவே அவரைக் கூப்பிடும். நிறுத்து வைத்த சீனியை நாலு சட்டிக்கும் வரிசையாகக் கொட்டிக்கொண்டே போவார்.

பாலின் பதம் பார்க்கத் தெரியாதா, கண் எதற்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் புகையிலும் ஆவியிலும் அது பாதி நேரம் மூடித்தான் இருக்கும். கடிகாரத்தைப் பார்க்கத் திரும்பினால் அடிபிடித்துவிடும். செல்போனைத் தொட்டால் செல்போனும் பால்கோவா ஆகிவிடும். கைக்கும் கண்ணுக்கும் வேலை சரியாக இருக்கிறது. காது மட்டும்தான் அங்கே சும்மா இருந்தது. சும்மா இருந்த காதைத் தொழிலுக்குள் இழுத்துவிட்டவர்கள் என் அப்பா காலத்து ஆட்கள்.

அப்பா வாங்கிய வானொலிப் பெட்டி ஒரு சின்னப் பெட்டகம் அளவு இருக்கும். அதற்குத் தபால் ஆபீஸில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்ட வேண்டும். அம்மா அதற்குப் பூப்போட்ட உறை தைத்திருந்தாள். புகை படாத உயரத்தில் பலகை அடித்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் பக்திப் பாட்டில் பாலை ஊற்றி, விவசாயிகளுக்கான நிகழ்ச்சியில் கிண்டி, செய்தியில் சீனி போட்டார்கள். செய்தி வாசிப்பவர் தம் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சீனி உள்ளே இருக்கும். அவர் என்ன வாசித்தார் என்பது யாருக்கும் தெரியாது. நாட்டில் ஆட்சி மாறியதைக்கூட எங்கள் தெரு மறுநாள் டீக்கடையில்தான் தெரிந்துகொள்ளும்.

ஒருமுறை பெரிய தலைவர் ஒருவர் காலமானார். வானொலியில் நிகழ்ச்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே வீணை. காலையில் வீணை, மத்தியானம் வீணை, சாயங்காலமும் அதே வீணை. எந்த இடத்தில் சீனி போடுவது? அப்பா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு ஒரு குடம் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றிவிட்டு, பாலைத் தயிருக்குக் கொடுத்துவிட்டார். தெருவில் மற்றவர்களும் அதையே செய்தார்கள். துக்கம் முடிகிற வரையில் எங்கள் தெருவில் புகை இல்லை. கட்சிக்காரர்கள் கும்பலாக வந்து, தொழிலையே நிறுத்தி அஞ்சலி செலுத்துகிறீர்களே என்று நெகிழ்ந்து கும்பிட்டார்கள். அப்பாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பதிலுக்குக் கும்பிட்டார். அதைச் சொல்லிச் சொல்லி அவர் சாகிற வரை சிரித்தார்.

டிவி வந்தபோது தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் பெட்டி. மாடியில் ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி வைப்பார்கள். மலையிலிருந்து இறங்குகிற ஆடிக்காற்று அதைத் தேவதானம் பக்கம் திருப்பிவிட்டுப் போகும். ஒருவர் மாடியில் நின்று, "தெரியுதா, தெரியுதா" என்று கத்துவார். கீழே இருப்பவர்கள் படத்தில் லயித்துவிட்டு, தெரிகிறது என்று சொல்லவே மறந்துவிடுவார்கள். நாங்களும் ஓர் ஆசையில் கொட்டகைக்குள் ஒரு டிவி வைத்துப் பார்த்தோம். ஒரே வாரத்தில் மூன்று சட்டி தீய்ந்தது. டிவி ஆளையே கேட்கும். ரேடியோ காதை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை நம்மிடமே விட்டுவிடும். டிவியைத் தூக்கி வீட்டில் வைத்தோம். பிறகு கேபிள் வந்தது, டிஷ் வந்தது, இப்போது எல்லாமே கையளவுப் போனில் இருக்கிறது. கொட்டகைப் பலகையில் மட்டும் ரேடியோ அசையவில்லை. பெட்டிதான் நாலைந்து முறை மாறியது.

பழைய பெரிய நிலையம் வரவர எங்களுக்குக் கரகரப்பாகவே கேட்டது. நேரங்களையும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் என் மனைவி மைக்குக்குப் போனாள். மகளைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வந்த வாரம் வீடு வெறிச்சென்று இருந்தது. நிலையத்தில் பேச ஆள் தேடுகிறார்கள் என்று அவள் தம்பி சொல்ல, ஒரு நாள் போய்ப் பேசிக் காட்டிவிட்டு வந்தாள். வேலை கிடைத்துவிட்டது. ராஜபாளையம் அவள் பிறந்த ஊர். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்களோடு வளர்ந்தவள், கோபம் வந்தால் பாதித் தெலுங்கில்தான் வைவாள். அந்த வாயிலிருந்து, "அன்பு நேயர்களே, இனிய காலை வணக்கம்" என்று பூப்போலத் தமிழ் வந்ததைக் கேட்ட முதல் நாள் நான் கரண்டியை நிறுத்திவிட்டேன். சட்டி அடிபிடித்தது. அண்ணாச்சி வைத வசவை இங்கே எழுத முடியாது.

சீக்கிரமே தெரு முழுக்க அவள் நேரத்துக்கு வந்துவிட்டது. எதிர்க் கொட்டகையும் பக்கத்துக் கொட்டகையும் தனியாக ரேடியோ வாங்கவில்லை. எங்கள் பெட்டியின் சத்தம்தான் அவர்களுக்கும்.

ஆரம்பத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"நான் பேசுறத நெசமாவே கேக்கீகளா?"

"அணை நீர்மட்டம் கேப்பேன்" என்றேன்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். அதுக்குத்தான சீனி."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் வீட்டு ஆண்கள் பெண்டாட்டியிடம் பேசுகிற விதம் அப்படி. என் அப்பா அம்மாவின் சமையலுக்குக் கொடுத்த உச்சபட்சப் பாராட்டு, "உப்பு இருக்கு."

போன மாசி மாதம் ஒரு நாள் அவள் நிலையத்திலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள். நிலையப் பொறுப்பாளர் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். நல்ல பையன்தான், மரியாதை தெரிந்தவர். காலை நிகழ்ச்சிக்கு ஒரு போன்கூட வருவதில்லையாம். மத்தியான நிகழ்ச்சிக்கு வருகிறதாம், இரவுப் பாட்டுக்கு நிற்காமல் வருகிறதாம். கேட்பாரில்லாத நேரத்துக்கு எதற்கு ஓர் ஆள்? இதுவரை பேசிய ஒலிப்பதிவுகள் நிறைய இருக்கின்றன, பாட்டுக்கு நடுவில் கம்ப்யூட்டரே எடுத்துக் கோத்துப் போட்டுக்கொள்ளும், சித்திரையிலிருந்து அப்படிச் செய்யலாமென்று இருக்கிறோம் என்றிருக்கிறார்.

"யாருமே கேக்கலையாம்" என்றாள். "இத்தன நாளும் நான் செவுத்தப் பாத்துத்தான் பேசியிருக்கேன்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அந்தப் பையன் மேல் வந்த கோபத்தில் அவளிடம், "போனாப் போகுது விடு. காலங்காத்தால பஸ்ஸப் பிடிச்சு ஓட வேணாம், வீட்டுல இரு" என்றேன். ஆறுதல் சொன்னதாக என் நினைப்பு. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குன்னு இருந்தது அந்த ஒரு மணி நேரந்தான். அதப் போனாப் போகுதுங்கீக."

அதற்குப் பிறகு சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு வரவில்லை. அவள் குரலை நான் காலையில் ரேடியோவில் மட்டும் கேட்டேன். ஊருக்கே பேசுகிறவள் எனக்குப் பேசவில்லை. பக்கத்து அறையில் இருப்பவளை ரேடியோ வழியாகக் கேட்பது எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பங்குனி வெயில் ஏற ஆரம்பித்திருந்த ஒரு காலை. வழக்கம்போல அவள் பஸ்ஸுக்குப் போனாள், நாங்கள் அடுப்பைப் பற்றவைத்தோம். "அன்பு நேயர்களே" என்று குரல் வந்தது. விறகைக் கூட்டினோம். பாட்டு வந்தது. ஊர்ச் சேதி வந்தது. ஓரத்தைச் சுரண்டினோம். எல்லாம் கொஞ்சம் வேகமாகப் போவதுபோல எனக்குப் பட்டது. சாதாரணமாக அவள் ஒரு சேதிக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சு விடுவாள், தாளைப் புரட்டுகிற சத்தம் வரும், தொண்டையைச் செருமிக்கொள்வாள். அன்று அது எதுவும் இல்லை. என் மேல் உள்ள கோபத்தை வேகத்தில் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வாழ்த்து மூன்றே மூன்று. பேச்சே இல்லை. உடனே, "பிளவக்கல் அணையின் இன்றைய நீர்மட்டம்" என்றாள். அணை நிரம்பிவிட்டது, உபரி நீர் எந்த நேரமும் திறந்துவிடப்படலாம், கரையோர மக்கள் பாதுகாப்பாக இருக்கவும் என்றாள்.

ஊரில் கிணறெல்லாம் வற்றிக் கிடக்கிறது. மம்சாபுரத்துப் பால்காரர் மாட்டுக்குத் தண்ணீர் இல்லை என்று அன்று காலையில்தான் புலம்பிவிட்டுப் போயிருந்தார். மூன்று கொட்டகையிலும் சேர்த்துப் பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். பங்குனியில் அணை எப்படி நிரம்பும் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நீர்மட்டம் என்ற சொல் வந்தது, சீனியைக் கொட்டினோம்.

அண்ணாச்சி கடைசிச் சட்டிக்குக் கொட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். பலகை மேலிருந்து அவள் குரல், "கரையோர மக்களுக்கு மீண்டும் ஓர் அறிவிப்பு" என்று பேசிக்கொண்டிருந்தது. வாசலில் அவள் வாயைத் திறக்காமல் நின்றாள். அண்ணாச்சி ரேடியோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையிலிருந்த சீனித் தட்டைக் கீழே போட்டார்.

"தாயி, நீ இங்கயா நிக்க?"

"இன்னைலேருந்தே கம்ப்யூட்டராம் அண்ணாச்சி. சோதனைக்குப் போட்டுப் பாக்காகளாம். மழைக்காலத்துல பேசுனத எடுத்துப் போட்டிருக்காக. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. போன ஒடனே திரும்பி அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வாரேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. அதற்குள் இங்கே பாலும் இளகிவிட்டது. சீனி முந்திக்கொண்டால் பால் மறுபடியும் நீர்த்துவிடும். அதை இறுக்குவதற்குள் நிறம் கறுத்து, கரண்டியில் பிசின் மாதிரி இழுக்கும். நாலு சட்டியும் அப்படியே ஆனது. எதிர்க் கொட்டகைக்காரர் கரண்டியோடு ஓடி வந்தார்.

"என்னப்பா, உம் பொண்டாட்டி இன்னைக்கு வெள்ளனமே சீனியப் போடச் சொல்லிருச்சு?"

அதைக் கேட்டதும் எனக்கு ஒன்று புரிந்தது. பெரிய சட்டியிலிருந்து அந்தக் கறுத்த பிசினை ஒரு தூக்குவாளி நிறைய வழித்தேன். "வாங்க எல்லாரும்" என்றேன். கைலியை மாற்றக்கூட நேரம் விடவில்லை. மூன்று கொட்டகைக்காரர்களும் அண்ணாச்சியும் என் மனைவியுமாகப் பஸ் ஏறினோம். எங்கள் மேலிருந்து வந்த பால் வாடையிலும் புகை வாடையிலும் பஸ்ஸில் எங்களைச் சுற்றித் தாராளமாக இடம் கிடைத்தது.

நிலையப் பொறுப்பாளர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். ஏதோ சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்தார், பாதி சரிதான். நான் தூக்குவாளியை அவர் மேஜைமேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். யாரும் கேட்பதில்லை என்றீர்களே, ஒரு தெருவே கேட்டதற்கு இதோ சாட்சி என்றேன்.

"அப்பறம் ஏண்ணே ஒரு போன்கூட வர மாட்டேங்குது?" என்று உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

அண்ணாச்சி தம் இரண்டு கைகளையும் அவர் முன்னால் விரித்துக் காட்டினார். விரலிடுக்கில் பாலும் சீனியும் காய்ந்து ஒட்டியிருந்தது. "இந்தக் கைய வச்சுக்கிட்டு எந்தப் பொத்தான அமுக்கச் சொல்லுத? கரண்டியக் கீழ வைக்கதுக்குள்ள ஒங்க நிகழ்ச்சி முடிஞ்சிருது."

பொறுப்பாளருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. "சரி, நேரம் பாக்கக் கேக்கீங்க. அது கடிகாரம் அடிச்சாலும் நடக்கும்ல? அவங்க சொல்றதக் கேக்கீங்களா? நேத்து அணை எத்தன அடின்னு சொன்னாங்க?"

அண்ணாச்சி எதிர்க் கொட்டகைக்காரரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எத்தனை வருஷமாகக் கேட்கிறேன், ஒரு நாள் நீர்மட்டம்கூட எனக்கு நினைவில் இல்லை. அந்தச் சொல் வந்ததும் சட்டிப் பரபரப்பு. அதற்குமேல் எண் எதுவும் காதில் ஏறியதே இல்லை.

"தெரியல" என்றேன்.

"பாத்தீங்களா" என்றார் அவர், வருத்தத்தோடுதான். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நீர்மட்டம் மட்டும்தான் கேட்பேன் என்று சொன்னவன், அதையும் கேட்கவில்லை என்று இப்போது ஊர் பார்க்கத் தெரிந்துவிட்டது.

"நீர்மட்டம் தெரியல தம்பி. மத்தது தெரியும்" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. வந்த பிறகு நிறுத்த முடியவில்லை.

"நேத்து வணக்கம் சொல்லும்போது தொண்ட கட்டியிருந்துச்சு. முந்தா நாள் பஸ் ஜன்னல் மூடல, காத்து அடிச்சிருக்கு. மொதச் சேதி, தேவதானம் பக்கம் தென்னந்தோப்புல ஆன எறங்கிருக்கு, விடியுமுன்ன தண்ணி பாய்ச்ச யாரும் ஒத்தையாப் போகாதீகன்னு சொன்னா. போகாதீகன்னு ரெண்டு தடவ சொன்னா, தாள்ல அது ஒரு தடவதான் இருந்திருக்கும். ரெண்டாவது சேதிக்கு முன்ன ஒரு மடக்குத் தண்ணி குடிச்சா. கல்யாண நாள் வாழ்த்துல பேரு மாத்திச் சொல்லி, மன்னிப்புக் கேட்டுச் சிரிச்சா. சிரிப்ப அடக்கப் பாத்து முடியல. அதுக்குப் பொறவு போட்ட பாட்டு அவளுக்குப் பிடிச்ச பாட்டு. பாட்டு முடிஞ்சு பேச ஆரம்பிக்கும்போது குரல் கொஞ்சம் எறங்கிருக்கும், பிடிச்ச பாட்டுன்னா எப்பவும் அப்படித்தான். கடைசியா வாரேன்னு சொல்லும்போது மட்டும் இந்த ஒரு மாசமா குரல்ல சுதி இல்ல. வீட்டுல சண்ட."

சொல்லி முடித்த பிறகுதான் அறை எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரிந்தது. ஒளிந்துகொள்ள ஒரு தூண்கூட இல்லை. எதிர்க் கொட்டகைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் என் மனைவி பக்கம் திரும்பவில்லை. அவள் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தைத் துடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தமும் எனக்குத் தெரிந்ததுதான்.

பொறுப்பாளர் தூக்குவாளியைத் திறந்து, ஒரு விரலால் அந்தக் கறுப்புப் பிசினைத் தொட்டு நாக்கில் வைத்தார். "நல்லாத்தாண்ணே இருக்கு" என்றார். இன்னொரு விரல் எடுத்துக்கொண்டார். பிறகு, "நாளைக்கு நீங்களே வந்து பேசுங்கக்கா, பாப்போம்" என்று அவளிடம் சொன்னார்.

அந்தப் 'பாப்போம்' ஆடி தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. எத்தனை நாளைக்கு ஓடும் என்று எனக்குத் தெரியாது. பையன் எங்கள் கொட்டகைக்கு ஒரு நாள் வந்து, சட்டி முன்னால் நின்று நிகழ்ச்சியை முழுக்கக் கேட்டுவிட்டுப் போனார். கேட்டவருக்குக் கண் எரிச்சலும் ஒரு பொட்டலமும் மிச்சம்.

நிலையத்துக்குப் போய் வந்த மறுநாள் காலை அவள் பேசினாள். மூச்சு இருந்தது, தாள் சத்தம் இருந்தது. இரண்டாவது பாட்டும் பேச்சும் முடிந்ததும், "பிளவக்கல் அணையின் இன்றைய நீர்மட்டம் சொல்லப் போகிறேன்" என்றாள். வழக்கத்தில் இல்லாதபடி கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு அந்தப் பூப்போன்ற தமிழை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, "சட்டி முன்னால நிக்கிறவுக செத்த நேரம் பொறுங்க. பால ஒரு தடவ பாத்துட்டுப் போடுங்க" என்றாள். அண்ணாச்சி நிஜமாகவே குனிந்து நாலு சட்டியையும் பார்த்துவிட்டுத்தான் கொட்டினார்.

இப்போதெல்லாம் இரவு சாப்பாட்டின்போது அவள் தவறாமல் ஒரு கேள்வி கேட்கிறாள்.

"இன்னைக்கு அணை எம்புட்டு அடி?"

"தெரியல" என்பேன்.

இன்னொரு கரண்டி ரசம் ஊற்றுவாள்.